ஈராக் கிறிஸ்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பங்கில் ஈராக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு மாலைக் கூட்டம் வைத்தோம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தோம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது. பாதிப் பேர் ஒரே கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்று நேரம் போதாமல் அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

ஈராக் முஸ்லிம் நாடு ஆயிற்றே. அங்கே கிறிஸ்தவர்கள் எப்போது போனார்கள்?

எங்கிருந்தும் போகவில்லை. அந்த மண்ணிலேயே இருந்தவர்கள். கிறிஸ்தவம் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக் பகுதிக்கு, அதன் முதல் நூற்றாண்டுகளிலேயே வந்துவிட்டது. ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படைகள் வந்தபோது அங்கே ஆலயங்களும் மடங்களும் ஆயர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். ஐரோப்பிய மிஷனரிகள் கொண்டுபோய்ச் சேர்த்த மதம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். அது தவறு.

அவர்கள் வீட்டில் பேசுவது அரமேய மொழியின் இன்றைய வடிவம், அதை 'சூரத்' என்பார்கள். இயேசு பேசிய மொழியின் குடும்பம் அது. 'ஷ்லாமா' என்று சொல்லி வணக்கம் தெரிவிக்கிறார்கள், அதற்கு 'சமாதானம்' என்று பொருள். கரகோஷ், அல்கோஷ் மாதிரியான ஊர்களில் பாட்டிமார் பேரப்பிள்ளைகளை அதட்டுவதும் கொஞ்சுவதும் இந்த மொழியில்தான். பிறகு சொல்லப்போகும் இழப்பெல்லாம் புரிய இது முக்கியம். இந்த ஊர்கள் காலியானால் அந்த மொழிக்கு வேறு பெரிய சொந்த ஊர் கிடையாது.

அவர்கள் கத்தோலிக்கர்களா, வேறா?

பல சபைகள் உண்டு. எண்ணிக்கையில் பெரியது ரோமோடு இணைந்த கல்தேய கத்தோலிக்க சபை. அப்புறம் சிரிய கத்தோலிக்கர், சிரிய ஆர்த்தடாக்ஸ், கிழக்கின் அசீரிய சபை, ஆர்மீனியர். சபைகளுக்குள் பழைய மனத்தாங்கல்கள் இருந்தன. ஆனால் 2014இல் கிறிஸ்தவர் வீட்டுச் சுவரில் அடையாளம் போட வந்தவன் நீ எந்தச் சபை என்று கேட்கவில்லை.

சதாம் உசேன் காலத்தில் நன்றாகத்தானே இருந்தார்கள்? வெளியுறவு அமைச்சரே கிறிஸ்தவர்தானே?

தாரிக் அஜீஸைச் சொல்கிறீர்கள். ஆமாம், அவர் கல்தேயக் குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் மிக்காயில் யுஹன்னா. பாக்தாதிலும் வடக்கே உள்ள மொசூல் நகரிலும் ஞாயிறு பூசைக்குப் பயமில்லாமல் போகலாம் என்ற நிலை அன்று இருந்தது உண்மை.

ஆனால் அது முழுப் படம் ஆகாது. இந்தக் கிறிஸ்தவர்களில் பலர் தங்களை அசீரிய இனத்தவர் என்பார்கள். 'நான் அசீரியன்' என்று சொல்ல அந்த ஆட்சி விடவில்லை. அரபு அல்லது குர்து என்றே பதிய வேண்டும். 1988இல் வடக்கே குர்துகள் மீது நடத்திய அன்ஃபால் படையெடுப்பில் கிறிஸ்தவ கிராமங்களும் ஆலயங்களும் இடிக்கப்பட்டன. இன்னும் பின்னால் போனால், 1933 ஆகஸ்டில் சிமேலேயில் ஈராக் ராணுவமே அசீரியர்களைக் கொன்று குவித்தது. நாடு சுதந்திரம் பெற்று ஒரு வருடம்கூட முழுசாக ஆகவில்லை அப்போது. எனவே 'முன்பு எல்லாம் நல்லா இருந்தது' என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வாயைத் திறக்காதவரை விட்டுவைத்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் 2003க்குப் பிறகு என்ன மாறியது?

தெருவில் காவலுக்கு ஆளில்லாமல் போனது. அமெரிக்கப் படை உள்ளே வந்து சதாம் ஆட்சியைக் கவிழ்த்தது. 2003 மே மாதம் ஈராக் ராணுவத்தையே கலைத்துவிட்டார்கள். துப்பாக்கி இருந்தவன் வைத்ததே சட்டம் என்றானது. ஷியாக்களுக்குச் சொந்த ஆயுதக் குழுக்கள் இருந்தன, சன்னிகளுக்கும் இருந்தன, குர்துகளுக்குப் படையே இருந்தது. பெரிய கோத்திரங்களில் பிறந்தவர்களுக்குப் பின்னால் கோத்திரம் நின்றது. கிறிஸ்தவர்களுக்கு இதில் எதுவும் கிடையாது. ஒரு கிறிஸ்தவரைக் கடத்தினால் பழிவாங்க யாரும் வரமாட்டார்கள் என்று கடத்துபவனுக்குத் தெரியும். 'இவர்களிடம் காசு இருக்கும், வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், பணயத்தொகை வரும்' என்றும் தெரியும்.

இதோடு இன்னொரு பழியும் சேர்ந்தது. படையெடுத்து வந்தவர்களும் கிறிஸ்தவர்கள், இவர்களும் கிறிஸ்தவர்கள், ஆகவே இவர்கள் அந்நியனின் ஆட்கள் என்றார்கள். போருக்கு எதிராக போப் இரண்டாம் ஜான் பால் எவ்வளவோ மன்றாடியிருந்தார். அது அங்கே யாருக்கும் உதவவில்லை.

2004 ஆகஸ்ட் 1, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பாக்தாதிலும் மொசூலிலும் பூசை நேரத்தில் அடுத்தடுத்து ஆலயங்களுக்கு வெளியே குண்டுகள் வெடித்தன. அன்றிலிருந்து கோயிலுக்குப் போவதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் காரியம் ஆனது. பாக்தாதின் தோரா பகுதி ஒரு காலத்தில் கிறிஸ்தவர்கள் நிறைய வாழ்ந்த இடம். 2006, 2007இல் மிரட்டல் கடிதம், கடத்தல், கொலை என்று அது கிட்டத்தட்ட வெறிச்சோடிப் போனது.

மொசூலில் ரகீத் கன்னி என்று ஓர் இளம் கல்தேய குரு இருந்தார். பொறியியல் படித்துவிட்டு, ரோமில் இறையியல் படித்தவர். அங்கேயே இருந்திருக்கலாம், 2003இல் ஊருக்குத் திரும்பினார். 2007 ஜூன் 3 அன்று பூசை முடித்து வெளியே வந்தவரையும் கூட இருந்த மூன்று துணைத் திருத்தொண்டர்களையும் வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு 35 வயது. மறு வருடம் பிப்ரவரி 29 அன்று மொசூலின் கல்தேயப் பேராயர் பவுலோஸ் ஃபராஜ் ரஹ்ஹோ கடத்தப்பட்டார். இரண்டு வாரத்தில் உடல்தான் கிடைத்தது.

நம் ஊரில் பலருக்கு ஐஎஸ், அதாவது 'இஸ்லாமிய அரசு' என்ற ஆயுதக் குழு, வந்த பிறகு நடந்ததுதான் தெரியும். 2014க்கு முன்னாலேயே ஈராக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி வெளியேறிவிட்டார்கள் என்பதை நான் எங்கே பேசினாலும் அழுத்திச் சொல்வேன்.

பாக்தாத் ஆலயத் தாக்குதல் என்கிறார்களே, அது எது?

2010 அக்டோபர் 31. அனைத்துப் புனிதர் விழாவுக்கு முந்தின மாலை. கராதா பகுதியில் உள்ள மீட்பின் அன்னை சிரிய கத்தோலிக்க ஆலயத்தில் ஞாயிறு பூசை நடந்துகொண்டிருந்தது. வெடிகுண்டு அங்கி அணிந்தவர்கள் உள்ளே புகுந்து மக்களைப் பணயமாகப் பிடித்தார்கள். தாயர் அப்தால், வசீம் சபீஹ் என்ற இரண்டு இளம் குருக்களையும் அங்கேயே கொன்றார்கள். சில மணி நேரம் கழித்துப் பாதுகாப்புப் படை உள்ளே நுழைந்தபோது குண்டுகளை வெடிக்க வைத்தார்கள். மொத்தம் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செய்தது அன்றைய ஈராக் இஸ்லாமிய அரசு என்ற குழு, பின்னால் ஐஎஸ் என்று வளர்ந்தது இதுதான். அங்கே இறந்த 48 பேரை மறைசாட்சிகளாக அறிவிப்பதற்கான முயற்சியைத் திருச்சபை எடுத்திருக்கிறது.

சுவரில் எழுதிய அந்த ஒற்றை எழுத்து என்ன?

அரபு எழுத்து 'நூன்'. பார்க்கக் கிண்ணம் மாதிரி இருக்கும், நடுவில் மேலே ஒரு புள்ளி. 'நஸ்ரானி', அதாவது நசரேயன் வழி வந்தவன், என்ற சொல்லின் முதல் எழுத்து.

2014 ஜூன் 10 அன்று மொசூல் ஐஎஸ் கையில் விழுந்தது. ஜூலையில் ஆட்கள் தெருத் தெருவாக வந்து கிறிஸ்தவர் வீட்டுச் சுவர்களில் வட்டம் போட்டு அந்த எழுத்தை எழுதினார்கள். பக்கத்திலேயே 'இஸ்லாமிய அரசின் சொத்து' என்று வேறு. ஷியாக்கள் வீட்டில் இன்னொரு எழுத்து. யோசித்துப் பாருங்கள்: அப்பா கட்டிய வீடு, தாத்தா நட்ட மரம் நிற்கும் முற்றம், அந்தச் சுவரில் ஸ்பிரே பெயின்ட் காயும் முன்னே வீடு கைமாறிவிட்டது.

பிறகு ஒலிபெருக்கியில் கெடு சொன்னார்கள். மதம் மாறு, இல்லையென்றால் ஜிஸ்யா வரி கட்டு, இல்லையென்றால் ஊரைவிட்டுப் போ. எதுவும் இல்லையென்றால் வாள். ஜூலை 19, சனிக்கிழமை நண்பகலோடு கெடு முடிந்தது. ஊரைவிட்டுப் போனவர்களையும் சும்மா விடவில்லை. சோதனைச் சாவடியில் நிறுத்திப் பணம், நகை, கைபேசி, சில இடங்களில் காரையும் பறித்தார்கள். கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தவர்கள் உண்டு.

ஜிஸ்யா கட்டிவிட்டு அங்கேயே இருந்திருக்கலாமே?

இதைக் கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். ஜிஸ்யா என்பது பழைய இஸ்லாமிய ஆட்சிகளில் முஸ்லிம் அல்லாத ஆண்களிடம் பாதுகாப்புக்கு ஈடாக வாங்கிய வரி. அந்தக் காலத்தில் அதற்கு விதிமுறை இருந்தது, விலக்குகளும் இருந்தன. 2014இல் மொசூலில் வரி கேட்டவன் கையில் இருந்தது இதே மக்களைப் பத்து வருடமாகக் கடத்திக் கொன்ற வரலாறு. வரி கேட்கும் முன்பே வீட்டைத் தன் சொத்து என்று எழுதிவிட்டான். அவன் தரும் பாதுகாப்பை நம்பி எந்தத் தகப்பன் பெண்பிள்ளைகளோடு அங்கே தங்குவான்?

கரகோஷில் ஒரே இரவில் ஊரே காலியானதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஊர்க்காரர்கள் அதை பக்தீதா என்பார்கள். மொசூலுக்குத் தென்கிழக்கே நினிவே சமவெளியில் இருக்கிறது. சுமார் 50,000 பேர், பெரும்பாலும் சிரிய கத்தோலிக்கர். ஈராக்கின் மிகப்பெரிய கிறிஸ்தவ ஊர். அதைக் காத்துக்கொண்டிருந்தது குர்துகளின் பெஷ்மெர்கா படை.

2014 ஆகஸ்ட் 6 காலையில் விழுந்த ஷெல்லில் இரண்டு குழந்தைகளும் ஓர் இளம்பெண்ணும் இறந்தார்கள். அவர்களை அடக்கம் செய்த அதே நாள் இரவு பெஷ்மெர்கா பின்வாங்கிவிட்டது என்ற செய்தி பரவியது. கிடைத்த வண்டியில் ஏறினார்கள், கிடைக்காதவர்கள் நடந்தார்கள். குர்துப் பகுதியின் தலைநகரான எர்பிலுக்குப் போகும் சாலை வண்டிகளால் அடைத்துக்கொண்டது. விடிவதற்குள் கரகோஷ், பார்தெல்லா, தெல்கேஃப் எல்லாம் ஐஎஸ் வசம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் அந்த ஓர் இரவில் வீடிழந்தார்கள்.

எர்பிலை ஒட்டிய அன்காவாவில் கோயில் தோட்டத்தில், பள்ளி வகுப்பறையில், கட்டி முடிக்காத வணிக வளாகத்தின் சிமென்ட் தரையில் படுத்தார்கள். ஆகஸ்ட் மாத வெயில் அங்கே 40 டிகிரிக்கு மேல். அப்புறம் கன்டெய்னர் வீடுகள். இரண்டு மூன்று வருடம் அப்படியே ஓடியது.

அந்த மக்கள் பேசும்போது ஐஎஸ் மீதுள்ள கோபத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் 'சொல்லாமல் விட்டுப் போனார்களே' என்ற கோபமும் வெளிப்படும். தங்களைக் காப்பதாகச் சொன்னவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிவிட்டார்கள் என்ற வலி. பின்னால் ஏன் திரும்பத் தயங்குகிறார்கள் என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

எதையெல்லாம் அழித்தார்கள்?

மொசூலை ஒட்டியிருந்த மார் எலியா மடம், ஈராக்கின் மிகப் பழமையான மடம் என்று சொல்லப்பட்டது, சுமார் 1,400 வருடப் பழமை. அதைத் தரைமட்டமாக்கினார்கள். வெளியுலகத்துக்கு 2016 ஜனவரியில் செயற்கைக்கோள் படம் வந்த பிறகுதான் தெரிந்தது. மார் பெஹ்னாம் மடத்தில் இருந்த கல்லறையை 2015இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கரகோஷின் அல் தாஹிரா பேராலயத்துக்குள் தீ வைத்தார்கள். அதன் முற்றத்தைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடமாக்கினார்கள். 2016 அக்டோபரில் ஊர் மீட்கப்பட்டபோது தூண்கள் கரிபிடித்து, முற்றத்தில் தோட்டாக் கூடுகள் சிதறிக் கிடந்தன.

தப்பித்தவையும் உண்டு. நஜீப் மிக்காயில் என்ற டொமினிக்கன் குரு 1990களிலேயே பழைய சுவடிகளைப் படமெடுத்துப் பாதுகாக்கும் வேலையைத் தொடங்கியவர். 2014இல் ஐஎஸ் நெருங்க நெருங்க, நூற்றுக்கணக்கான கையெழுத்துச் சுவடிகளை வண்டியில் ஏற்றி எர்பிலுக்குக் கொண்டுபோனார். 2019இல் அவரே மொசூலின் கல்தேயப் பேராயர் ஆனார். ரஹ்ஹோ அமர்ந்திருந்த அதே இருக்கை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த மனிதர் அவர்.

கிறிஸ்தவர்கள் மட்டுமா பாதிக்கப்பட்டார்கள்? முஸ்லிம்கள் எல்லாரும் எதிரிகளா?

இரண்டுக்கும் 'இல்லை' என்பதே பதில்.

2014 ஆகஸ்ட் 3 அன்று சிஞ்சாரில் யசீதிகள் என்ற சிறுபான்மை மதத்தினருக்கு நடந்தது இதைவிடக் கொடூரம். ஆண்களைக் கொன்று புதைத்தார்கள், பெண்களையும் சிறுமிகளையும் அடிமைகளாக விற்றார்கள். அதே ஆண்டு ஜூனில் திக்ரித் அருகே ஸ்பைக்கர் முகாமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷியா இளைஞர்களை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். தங்களுக்குக் கட்டுப்படாத சன்னிகளையும் கொன்றார்கள். யூனுஸ் நபியின் (பைபிளில் யோனா) அடக்கத்தலம் என்று முஸ்லிம்களே போற்றிய மொசூல் மசூதியை 2014 ஜூலையில் வெடிவைத்துத் தகர்த்ததும் ஐஎஸ்தான். எண்ணிக்கையில் பார்த்தால் ஐஎஸ் கொன்றவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

கிறிஸ்தவர்களை விரட்டுவது தவறு என்று வெளிப்படையாகச் சொன்ன மொசூல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் மஹ்மூத் அல் அசாலி அந்த ஜூலையில் கொல்லப்பட்டார். அவர் முஸ்லிம். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பிழைத்திருப்பார். நகரம் மீண்ட பிறகு, 2017 கிறிஸ்துமஸுக்கு மொசூலில் பூசை வைக்க ஆலயத்தைக் கூட்டிக் கழுவ வந்தவர்களில் முஸ்லிம் இளைஞர்கள் இருந்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன்தான் எங்கள் வீட்டைக் காட்டிக்கொடுத்தான், எங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டான் என்று சொல்லும் குடும்பங்கள் பல. இரண்டும் ஒரே நகரத்தில் நடந்தவை. எதையாவது ஒன்றை மட்டும் சொன்னால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நாம் உண்மையாக இல்லை என்று நினைக்கிறேன்.

ஐஎஸ் தோற்றுப்போய் இத்தனை வருடம் ஆகிறதே. ஏன் எல்லாரும் திரும்பவில்லை?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. துரத்தியவன் போய்விட்டால் வீடு தானாகத் திரும்பக் கிடைத்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை.

முதலில் வீடு, நிலம். பாக்தாதில் ஆளில்லாத கிறிஸ்தவர் வீடுகளை ஐஎஸ்ஸுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் போலிப் பத்திரம் போட்டுப் பிடித்துக்கொண்டார்கள். இது எவ்வளவு பெரிய விவகாரம் என்றால், 2021 தொடக்கத்தில் ஷியா தலைவர் முக்ததா அல் சதரே கிறிஸ்தவர் சொத்துகளைத் திருப்பிக் கொடுக்க ஒரு குழு அமைத்தார். அரசின் நீதிமன்றமும் காவல்துறையும் செய்ய வேண்டிய வேலை அது.

அடுத்தது பாதுகாப்பு. நினிவே சமவெளியில் இன்று ஊருக்கு ஊர் வெவ்வேறு ஆயுதக் குழுக்களின் சாவடிகள். பார்தெல்லாவில் ஷபக் என்ற சிறுபான்மை இனத்தவரின் படைப்பிரிவுதான் பலசாலி. ஷபக் மக்களும் ஐஎஸ்ஸால் துன்பப்பட்டவர்கள்தான், ஆனாலும் ஊரின் முகமே மாறிவிடும் என்ற அச்சம் கிறிஸ்தவர்களுக்கு இருக்கிறது. 329 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் கிறிஸ்தவர்களுக்கு 5 இடம் ஒதுக்கீடு உண்டு. அந்த இடங்களையும் பெரிய கட்சிகள் தங்கள் ஆட்களை வைத்துப் பிடித்துக்கொள்கின்றன என்பது அவர்களின் நீண்டநாள் குறை.

சட்டமும் ஒரு காரணம். 2005 அரசியலமைப்பு மதச் சுதந்திரம் தருகிறது, 125ஆம் பிரிவு கல்தேயர், அசீரியர் உரிமையைப் பெயர் சொல்லிக் காக்கிறது. ஆனால் தேசிய அடையாள அட்டைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, தாய் தகப்பனில் ஒருவர் இஸ்லாத்துக்கு மாறினால் வயது வராத பிள்ளைகளும் முஸ்லிமாகவே பதியப்படுவார்கள். மறுபக்கம் போக வழியில்லை. பிள்ளைகள் வைத்திருக்கும் ஒரு தாய்க்கு இது வெறும் சட்டப் பிரிவு இல்லை.

இத்தனைக்கும் மேலே வேலையின்மை. கரகோஷுக்குச் சுமார் பாதிப் பேர் திரும்பினார்கள், அதுவே பெரிய விஷயம். 2023 செப்டம்பர் 26 இரவு அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது விபத்து, மதக் கலவரம் இல்லை. எளிதில் தீப்பிடிக்கும் பலகைகளால் கூரையை மூடியிருந்தார்கள், பாதுகாப்பு விதியை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு 'இந்த நாட்டில் நமக்கு என்னதான் இருக்கிறது' என்ற பேச்சு வீட்டுக்கு வீடு மறுபடி எழுந்தது.

போப் பிரான்சிஸ் போனாரே, அதனால் ஏதாவது மாறியதா?

2021 மார்ச் 5 முதல் 8 வரை, கொரோனா நடுவே போனார். நஜஃபில் ஷியாக்களின் மூத்த மதகுரு அயத்துல்லா சிஸ்தானியை அவர் வீட்டிலேயே சந்தித்தார். கிறிஸ்தவர்களும் மற்ற ஈராக்கியரைப் போல அமைதியோடும் முழு உரிமையோடும் வாழ வேண்டும் என்று சிஸ்தானி தரப்பு அறிக்கை விட்டது. அந்த நாட்டில் அவர் சொல்லுக்கு உள்ள எடை தெரிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மொசூலில் இடிந்த நான்கு ஆலயங்களுக்கு நடுவே உள்ள சதுக்கத்தில் ஜெபித்தார், கரகோஷ் அல் தாஹிராவில் மக்களைச் சந்தித்தார். அதற்கு முந்தின டிசம்பரில் கிறிஸ்துமஸை நாடு முழுவதற்கும் விடுமுறையாக அறிவித்திருந்தார்கள். மனத்துக்குத் தெம்பு கிடைத்தது. பத்திரம், சாவடி, வேலை, இந்த மூன்றும் அப்படியே இருந்தன.

இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2003க்கு முன் 10 லட்சத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. இன்று இரண்டரை லட்சத்துக்கும் கீழே என்கிறார்கள், அதைவிடக் குறைவு என்று சொல்பவர்களும் உண்டு.

அமெரிக்கா, ஸ்வீடன் என்று போனவர்கள் நிம்மதியாகத்தானே இருக்கிறார்கள்? போகட்டுமே?

போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. டெட்ராய்ட் பக்கம் பெரிய கல்தேய சமூகம் இருக்கிறது, ஸ்வீடனில் சோதர்தெல்யே நகரில் சுரியானிகள், அதாவது சிரிய சபைகளைச் சேர்ந்தவர்கள், நிறைய. பிள்ளைகள் படிக்கிறார்கள், பயமில்லாமல் தூங்குகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் சூரத் பேசுவார்களா என்று அங்குள்ள பெரியவர்களே கவலைப்படுகிறார்கள். போக விரும்புகிறவர் போகட்டும். இருக்க விரும்புகிறவர் இருக்க முடியாமல் போவதைத்தான் நான் அநியாயம் என்கிறேன்.

அவர்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?

கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டு மொழி சுரியானி, அதுவும் அரமேயக் குடும்பத்து மொழி. நூற்றாண்டுகளாக அவர்களுக்கு ஆயர்கள் வந்தது மெசபடோமியாவிலிருந்துதான். சென்னை பரங்கிமலை ஆலயத்தில் பஹ்லவி எழுத்து பொறித்த பழைய கற்சிலுவை இருக்கிறதே, அதுவும் அந்தக் கிழக்குத் திருச்சபையின் தடம். அடுத்த முறை மலை ஏறும்போது நின்று பாருங்கள்.

பைபிளில் வரும் யோனா கதை நமக்குத் தெரியும். அவர் போகச் சொல்லப்பட்ட நினிவே இன்றைய மொசூலில்தான் இருக்கிறது. அந்த ஊர் மனம் திருந்தியதை நினைத்து ஈராக் கிறிஸ்தவர்கள் ஆண்டுதோறும் தவக்காலத்துக்குச் சில வாரம் முன்பு மூன்று நாள் நோன்பு இருக்கிறார்கள், பாவூத்தா என்று பெயர். கேரளத்தில் அதே நோன்பு 'மூன்னு நோயம்பு'. குறவிலங்காடு மாதா கோயிலில் அந்த நாட்களில் யோனா ஏறிய கப்பலை மரத்தில் செய்து, அலையில் ஆடுவதுபோல் ஆட்டி ஆட்டித் தோளில் சுமந்து வருவார்கள். கரகோஷுக்குத் திரும்பியவர்களும் தீக்கறை நீக்கிப் புதுப்பித்த அல் தாஹிராவில் அந்த நோன்பைத்தான் அனுசரிக்கிறார்கள்.